யாரும் கொடுக்காத எண்

காலையில் எழுந்ததும் ஃபாபியான் அடுப்பைப் பற்றவைப்பான். சோள அடையை வலைத்தட்டில் போட்டு இரண்டு பக்கமும் லேசாகக் கருகவிடுவான். காபி வடிந்ததும் ஒரு கோப்பையில் ஊற்றி மேஜையின் நடுவில் வைப்பான். குடிக்கமாட்டான். ஜன்னல் விளிம்பில் இரவெல்லாம் படிந்த எரிமலைச் சாம்பலை ஈரத்துணியால் துடைப்பான். அதற்குள் கோப்பையில் ஆவி அடங்கியிருக்கும். அடையில் வெண்ணெய் தடவி நின்றபடியே தின்றுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டுவான். சாயங்காலம் திரும்பி வந்து காபியைத் தொட்டியில் கொட்டி, கோப்பையைக் கழுவிக் கவிழ்ப்பான். மலைச்சாலை சரிந்து பேருந்தோடு அவன் மனைவி லூஸ் டாரி போன மார்ச் மாதத்திலிருந்து இப்படித்தான்.

அவள் மலைநகரமான மனிஸாலெஸின் பல்கலைக்கழகத்தில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இயற்கணித மென்பொருள் சொல்லிக்கொடுத்தாள். எண்களை மட்டுமில்லாமல் எழுத்துகளையும் வைத்துக் கணக்குப் போடும் மென்பொருள் அது. சமன்பாட்டைக் கொடுத்தால் மூச்சு விடும் நேரத்தில் தீர்வைச் சொல்லிவிடும். மண் பரிசோதனைக் கம்பெனியில் வேலை பார்த்த ஃபாபியானுக்கும் சமையலறை மேஜையில் வைத்து அவள்தான் கற்றுக்கொடுத்தாள். அந்த ஒரே தகுதியை வைத்து, அவளுடைய வகுப்பை இந்த ஆண்டுக்கு மட்டும் எடுக்கும்படி துறையில் கேட்டார்கள். சரி என்றான். அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

மென்பொருள் மீது அவனுக்கு நம்பிக்கை இல்லை. வேர்க்காமல் விடை சொல்லும் எதையும் அவன் நம்புவதில்லை. அது தருவதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துக்கொள்வான். இப்போதெல்லாம் மனிதர்கள் மீதும் அப்படித்தான். சூப் கொண்டு வந்து கொடுக்கும் பக்கத்து வீட்டுக்காரி எதற்காகக் கொடுக்கிறாள் என்று யோசிப்பான். கணினிக்கூடத்தின் சாவி வைத்திருக்கும் வில்மார் அடக்கத்தின்போது தன்னைவிடச் சத்தமாக அழுததை இன்னும் மனதிலிருந்து கழற்றவில்லை.

அக்டோபரில் வைத்த தேர்வில் ஒரு கணக்கு, சூடான பொருள் ஆறுவதைப் பற்றியது. எல்லாம் எழுத்துகளில்தான் கொடுத்திருந்தான். அறையின் வெப்பம், தொடக்க வெப்பம், ஆறும் வேகத்துக்கு k. வகுப்பு முழுக்க விடையில் k என்றே எழுதியிருந்தது. யுர்லெய் என்ற பெண்ணின் தாளில் மட்டும் k இருக்கவேண்டிய இடத்தில் 0.0417 இருந்தது.

ஃபாபியான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். அது அவனுக்குத் தெரிந்த எண். போன ஆண்டு அவன் வீட்டுச் சமையலறையில், ஒரு கோப்பைக் காபியில் வெப்பமானியை விட்டு அவன் அளவைப் படிக்க, லூஸ் டாரி தட்டித் தட்டிக் கண்டுபிடித்த எண். அதை அவள் வகுப்பில் காட்டியிருக்கலாம். ஆனால் இந்தப் பெண் மற்றவர்களுக்குப் பிறகு, ஆகஸ்டில்தான் சேர்ந்தாள். அப்படியானால் யாரோ லூஸ் டாரியின் பழைய கணக்குகளை எடுத்து வெளியே விடுகிறார்கள். சாவி யாரிடம் இருக்கிறது?

துறைத்தலைவி மார்லெனியிடம் விஷயத்தைச் சொன்னான். காப்பி அடித்தது உறுதியானால் ஓராண்டு நீக்கம். விடுதி இடமும் போய்விடும். அந்தப் பெண் ஊருக்குத் திரும்பி, இடுப்பில் கூடை கட்டிக்கொண்டு காபிப் பழம் பறிக்கப் போகவேண்டியதுதான்.

"மதியம் குழு கூடுது ஃபாபியான். ஆமாவா இல்லையான்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்" என்றார் மார்லெனி.

குழு கூடுவதற்கு முன், அன்று காலையே யுர்லெயைக் கூப்பிட்டான். ஒல்லியான பெண். ஈரமான கம்பளிச் சட்டையின் கையை விரல் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"இந்த எண் எங்கேருந்து வந்துச்சு?"

"அதுவே குடுத்துச்சு சார்."

"நாம குடுக்காததை அது குடுக்காது."

"நான் குடுக்கல. அதான் எனக்கும் புரியல."

"புரியாததை எதுக்கு எழுதின?"

"கம்ப்யூட்டரே சொல்லுது. இல்லைங்கறதுக்கு நான் யாரு சார்?"

"வில்மார் உனக்கு ஏதாவது குடுத்தாரா? மேடத்தோட பழைய கணக்கு மாதிரி?"

"அவரு என்னைத் திட்டினது மட்டும்தான். செருப்புல சேறுன்னு." கொஞ்சம் நிறுத்தி, "மேடத்தை நான் பார்த்ததே இல்ல சார்" என்றாள்.

அழுதிருந்தால் அவன் நம்பியிருக்கமாட்டான். அழவில்லை. அதையும் அவன் நம்பவில்லை. "வா, என் கண் முன்னாடி போட்டுக் காட்டு" என்றான்.

கணினிக்கூடத்தில் வில்மார் சீஸ் ரொட்டி தின்றுகொண்டிருந்தார். "என்ன சார், ரெண்டு பேரும் பிரேதப் பரிசோதனைக்கு வர்ற மாதிரி வர்றீங்க" என்றவர், சொன்ன பிறகு வாயிலிருந்ததை மெல்லாமல் நிறுத்தினார்.

யுர்லெய் நேராக ஜன்னலோரக் கணினிக்குப் போனாள்.

"ஏன் அது?" என்றான்.

"இது ஒண்ணுதான் சார் எப்பவும் காலியா இருக்கும். மத்ததுல ரெண்டு ரெண்டு பேரா உக்காந்தாலும் இதுக்கு வரமாட்டாங்க."

"ஏன் வரமாட்டாங்க?"

அவள் வில்மாரைப் பார்த்தாள். வில்மார் ரொட்டியைக் காகிதத்தில் சுற்றினார். "டீச்சரோட இடம் சார். பசங்களுக்கு ஒரு இது. நானும் மாத்திப் போடலாம்னு பார்த்தேன், கை வரல. இந்தப் பொண்ணு புதுசு, எனக்கென்னன்னு உக்காந்துடுச்சு."

யுர்லெய் சமன்பாட்டைத் தட்டினாள். விடை வந்தது. அதில் 0.0417 இருந்தது. ஃபாபியான் அவளை எழுப்பிவிட்டுத் தானே உட்கார்ந்தான். நாற்காலி தாழ்வாக இருந்தது, முழங்கால் மேஜையில் இடித்தது. அவன் அதை உயர்த்தவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். அதே எண். மென்பொருளை மூடிவிட்டுத் திறந்தான். அதே எண். கணினியையே அணைத்துப் போட்டான். ஜன்னலுக்கு வெளியே பனி கேபிள் காரை விழுங்கிவிட்டுத் திரும்ப உமிழும்வரை காத்திருந்து, மறுபடி தட்டினான். அதே எண்.

"இதுல யார் கை வெச்சது?"

"நான் திரையைத் துடைக்கிறதோட சரி" என்றார் வில்மார். "என்னையேன் சார் அப்படிப் பாக்குறீங்க? மார்ச்சுலேருந்து அப்படித்தான் பாக்குறீங்க."

ஃபாபியான் விசைப்பலகையை அருகில் இழுத்தான். கணக்கு தொடங்குவதற்கு முன்னால் உனக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று மென்பொருளைக் கேட்டுவிட வேண்டும். லூஸ் டாரி முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அது. வகுப்பில் அவன் அதைச் சொல்லித்தரவில்லை. மென்பொருளைப் புதிதாகத் திறந்து, எதையும் தட்டாமல், கேட்டான். ஒரே ஓர் எழுத்தைக் காட்டியது. k.

திறக்கும்போதெல்லாம் மென்பொருள் தானாகப் படிக்கும் தொடக்கக் கோப்பு ஒன்று உண்டு. அதைத் தேடித் திறந்தான். வகுப்பில் செய்துகாட்ட ஒவ்வொரு முறையும் தட்டவேண்டாம் என்று அவள் போட்டுவைத்திருக்க வேண்டும். ஒரே வரி. k என்றால் 0.0417. அதன் பக்கத்தில், மென்பொருள் படிக்காமல் தாண்டிப்போகும் குறிப்பாக, ஒரு கேள்விக்குறி.

அங்கிருந்தே மார்லெனிக்குப் போன் செய்தான். "காப்பி இல்ல மேடம். அந்தப் பொண்ணு தப்பு எதுவும் பண்ணல. நான்தான் சரியாப் பாக்கல." அந்தப் பக்கம் என்னவோ கேட்டார்கள். "ஆமா. உறுதியாத்தான் சொல்றேன்" என்று வைத்தான்.

யுர்லெய் சட்டைக்கையை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். நன்றி எல்லாம் சொல்லவில்லை. "அப்ப என் மார்க்கு?" என்றாள்.

"போடறேன்."

"இதை அழிச்சிடவா சார்?" என்றார் வில்மார், திரையைக் காட்டி. "இல்லேன்னா அடுத்த பிள்ளையும் மாட்டும்."

ஃபாபியானின் விரல் அழிக்கும் பொத்தானின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு அந்தக் கோப்பை அப்படியே மூடினான். கணக்குப் போடும் பக்கத்தைத் திறந்து, எல்லாவற்றுக்கும் மேலே k-யை மறந்துவிடு என்று ஒரு வரி எழுதச்சொல்லி யுர்லெய்க்குக் காட்டினான். தட்டினாள். விடையில் எண் போய், k வெறும் எழுத்தாகத் திரும்பி வந்தது. "எப்பவும் முதல்ல இதை எழுதிடு" என்றான்.

அவள் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "ஆனா அந்த எண் சரிதானா சார்?"

"அவளுக்குச் சந்தேகம் இருந்துச்சு. ஜன்னல் திறந்திருந்துச்சு, காத்து பட்டுச்சுன்னா. மறுபடி அளந்துக்கிட்டிருந்தா."

"அளந்து முடிச்சாங்களா?"

வில்மார் தொண்டையைச் செருமினார். பெண் புரிந்துகொண்டு திரைப் பக்கம் திரும்பினாள்.

லூஸ் டாரி கடைசியாக என்ன சொன்னாள் என்று அடக்கத்தன்று எல்லோரும் கேட்டார்கள். அம்மாவைப் பார்த்துக்கச் சொன்னாள் என்று மாமியாரிடம் சொல்லிவைத்தான். அந்த அம்மாள் அதைக் கல்லறைக் கல்லில் செதுக்கவே ஏற்பாடு செய்துவிட்டார். உண்மையில், பேருந்து ஏறப்போன அன்று காலை, லூஸ் டாரி வாசலில் ஒற்றைக்காலில் நின்று ரப்பர் காலணியை மாட்டிக்கொண்டிருந்தாள். மழை பிடித்திருந்தது. மேஜையில் வெப்பமானி செருகிய கோப்பையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவன் கை அதன் பக்கம் போனதைப் பார்த்து, குடையை விரித்தபடியே சொன்னாள்:

"அதைக் குடிச்சிடாதே. அது கணக்குக்கு."