யோகலிங்கத்தின் பங்கு

1.

இந்தக் கதை எனக்கு ஒரு வாக்கியமாகத்தான் கிடைத்தது. திருகோணமலையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை. கழன்ற ஆணியைப் பூட்டித் தருவார்கள் என்று காத்திருந்தேன். திரைச்சீலைக்கு அப்பால் கண் பரிசோதனை நடந்துகொண்டிருந்தது. ஒரு முதிய குரல் கெஞ்சியது:

“எனக்கும் ஒண்டும் தெரியேல்லை எண்டு எழுதுங்கோ, தங்கச்சி.”

அந்தக் கடைக்குள் வருகிற எல்லோரும் பார்வை வேண்டும் என்றுதான் வருவார்கள். இவர் பார்வை இல்லை என்று எழுதித் தரச் சொல்லிக் கெஞ்சினார். திரை விலகுமுன் என் கண்ணாடி கைக்கு வந்துவிட்டது. முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன். அதன் பிறகு நான் எழுதியதெல்லாம் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கான ஊகம்தான்.

[முதல் தொடக்கம்: துறைமுகத்தின் மேல் சூரியன் மெல்ல— வேண்டாம். சூரியன் போதுமான கதைகளில் எழுந்துவிட்டது.]

[இரண்டாவது தொடக்கம்: மனித உடலின் ஒவ்வொரு கலத்திலும்— இதை வாசிக்க உயிரியல் புத்தகம் இருக்கிறது.]

2.

அவருக்கு யோகலிங்கம் என்று பெயர் வைத்தேன். உட்துறைமுக வீதியில் படகு எஞ்சின் திருத்துபவர். ஊரில் அவருக்கு ஒரே பெருமை, மகன் கோகுலன். மகன் நடந்தால் “என்ர நடை” என்பார். மகன் தும்மினால் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, “கேட்டியளோ? அச்சொட்டா என்ர தும்மல்” என்பார். கோகுலன் ஒருமுறை பரீட்சையில் கோட்டைவிட்டபோதுகூட, “எனக்கும் கணக்கு ஏலாது” என்று மகிழ்ச்சியோடு சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கோகுலன் இழுவைக் கப்பலில் ஒரு வேலைக்கு மனுப்போட்டான். எல்லாம் சரிவந்தது. கடைசியாக ஒரு மருத்துவப் பரிசோதனை. நிறப் புள்ளிகளால் நிறைந்த படங்களைக் காட்டி, உள்ளே தெரியும் இலக்கத்தைக் கேட்டார்கள். அவனுக்குப் புள்ளிகள்தான் தெரிந்தன. சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்று. கப்பல்கள் இரவில் இடப்பக்கம் சிவப்பும் வலப்பக்கம் பச்சையும் காட்டும். அதைப் பிரித்தறியாதவனைக் கடலில் வைத்து என்ன செய்வது?

அன்று சோறு போட்டதும் யோகலிங்கம் மனைவியைப் பார்த்தார்.

“எங்கட பரம்பரையில இப்பிடி ஒரு கண் கிடையாது. இது உன்ர பக்கம்.”

“நடையும் தும்மலும் உங்கட பக்கம். பழுது மட்டும் என்ர பக்கமோ?” என்றாள் வள்ளிநாயகி.

“உன்ர அப்பர் உனக்கு எடுத்த கலியாணச் சேலையை மறந்திட்டியோ? ஊரெல்லாம் சிவப்புக் கூறை கட்ட, மனுசன் கடும் பச்சையில கொண்டுவந்து நிண்டார்.”

“அவர் புதுமை விரும்பி!”

“அவர் சிவப்பெண்டு நினைச்செல்லோ வாங்கினவர்!”

வள்ளிநாயகியின் கை அகப்பையோடு அப்படியே நின்றது. அந்தச் சேலையை அவள் இத்தனை வருடமும் தகப்பனின் துணிச்சல் என்று நம்பியிருந்தாள்.

கோகுலன் இன்னொரு மீன் துண்டு எடுத்தான். (இந்தக் கதையில் அவன் பெரும்பாலும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறான். வேலை கிடைக்காமல் போனதற்கு இவ்வளவு கவலைப்படாத ஒருவனை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.)

3.

இங்கே விளக்கம் சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அதனால் யோகலிங்கத்துக்கு ஒரு மகளையும் கொடுத்தேன். கோகுலனுக்கு மூத்தவள், சிவரூபி, உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு டியூசனில் உயிரியல் படிப்பிப்பவள். உண்மையைச் சொன்னால் அடிக்குறிப்புகளைச் சுமப்பதற்கென்றே அவளை உருவாக்கினேன்.

“அப்பா சொல்லுறது சரி,” என்றாள் அவள்.

யோகலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அம்மாட்ட இரண்டு எக்ஸ் நிறமூர்த்தம் இருக்கு, குரோமோசோம் எண்டுறது. அப்பாட்ட ஒரு எக்ஸ், ஒரு வை. இந்தப் பழுது எக்ஸிலதான் இருக்கும். தாத்தாவிட்ட இருந்தது அம்மாவுக்கு வந்தது. அம்மாட்ட மற்றது நல்லது, அதால அவவுக்குப் பார்வை பிழைக்கேல்லை. தம்பிக்கு எக்ஸ் அம்மாட்ட இருந்துதான் வரும். அப்பாட்ட இருந்து வராது.”

“கேட்டியே?” என்றார் யோகலிங்கம். வெற்றிக் களிப்பில் அப்பளத்தை நொறுக்கினார். பிறகு கை மெதுவாக நின்றது.

“அப்ப நான் அவனுக்கு என்னத்தைக் குடுத்தனான்?”

“வை.”

“அது பெரிசோ?”

சிவரூபி பொய் சொல்லத் தெரியாதவள். “சின்னன்.”

“எவ்வளவு சின்னன்?”

“எக்ஸோட பாக்கேக்க… நல்லாச் சின்னன், அப்பா.”

வள்ளிநாயகி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“மற்ற இருபத்திரண்டு சோடி நிறமூர்த்தத்திலயும் பாதிக்குப் பாதி குடுத்திருக்கிறியள்,” என்று சிவரூபி அவசரமாகச் சொன்னாள். அது அவர் காதில் ஏறவில்லை. அவர் கோகுலனையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு பெரிய உடம்பு, இவ்வளவு சோறு. அதில் தன்னுடையது நல்லாச் சின்னன்.

4.

[இங்கே சில நாட்கள் எழுதாமல் சும்மா இருந்தேன். ஒரு மனிதன் குற்றம் தன்னுடையது அல்ல என்று நிரூபித்துவிட்டு, அதனாலேயே துக்கப்பட முடியுமா? முடியும் என்று தோன்றியபோதுதான் கடையில் கேட்ட அந்தக் குரல் யாருடையதென்று விளங்கியது.]

யோகலிங்கம் யோசித்தார்: தனக்கும் அதே கண்தான் என்றால்? அப்போது மகன் தன் வார்ப்பு. பழுதாவது தன்னுடையதாக இருக்கட்டும்.

“வாசிக்கக் கண்ணாடி வேணும்,” என்று சொல்லி மகளின் ஸ்கூட்டரில் ஏறினார். கடையில் கண் பரிசோதிப்பவள் ரபீக்கா. புள்ளிப் படப் புத்தகம் வேண்டும் என்று யோகலிங்கமே கேட்டு வாங்கினார். சிவரூபிக்கு உடனே விளங்கிவிட்டது.

முதல் பக்கம்.

“ஒண்டும் தெரியேல்லை,” என்றார் யோகலிங்கம்.

“வடிவாப் பாருங்க ஐயா.”

“புள்ளிதான் தெரியுது.”

“ஐயா, இந்தப் பக்கத்துல உள்ள பன்னிரண்டு எல்லாருக்கும் தெரியும். நிறக்குருடு உள்ளவங்களுக்கும் தெரியும். பொய் சொல்றவங்களுக்குத்தான் தெரியாது.”

யோகலிங்கத்தின் காது சிவந்தது. (அது கோகுலனுக்குத் தெரிந்திராது.) குரலைத் தாழ்த்தி, அந்த வாக்கியத்தைச் சொன்னார்:

“எனக்கும் ஒண்டும் தெரியேல்லை எண்டு எழுதுங்கோ, தங்கச்சி.”

ரபீக்கா சிவரூபியைப் பார்த்தாள். சிவரூபி தகப்பனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“அப்பா, உங்களுக்கு அந்தக் கண் இருந்தாலும் அது தம்பிக்குப் போகாது. ஆம்பிளைப் பிள்ளைக்கு நீங்கள் எக்ஸ் குடுக்கேல்லை.”

“அப்ப என்ர எக்ஸ் எங்க போச்சுது?”

“எனக்கு.”

“உனக்கோ?”

“எனக்குத்தான். உங்களிட்ட இருக்கிறது ஒண்டு. அதை முழுசா எனக்குத் தந்திட்டியள்.”

யோகலிங்கம் திரும்பி மகளைப் பார்த்தார். அவளுடைய நடையை அவர் ஒருநாளும் கவனித்ததில்லை. அவள் எப்படித் தும்முவாள் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

“மற்றப் பக்கத்தைக் காட்டுங்கோ, தங்கச்சி,” என்றார். “இனிப் பொய் சொல்ல மாட்டன்.”

5.

இந்த இரண்டாம் பக்கத்தில் யாரும் பொய் சொல்லவும் ஏலாது. நல்ல கண்ணுக்கு அதில் எட்டு தெரியும். நிறக்குருட்டுக் கண்ணுக்கு மூன்று தெரியும். எது எதற்கென்று யோகலிங்கத்துக்குத் தெரியாது.

[முடிவு ஒன்று: எட்டு என்கிறார். கண் நல்ல கண். மூவரும் சிரிக்கிறார்கள். எனக்குச் சலிப்பாக இருக்கிறது.]

[முடிவு இரண்டு: மூன்று என்கிறார். “எஞ்சின் வயர் நிறம் தெரியாமலோ இவ்வளவு காலம் வேலை செய்தவர்?” என்று வாசகர் கேட்பார். எந்த வயர் எங்கே போகும் என்று இடம் பார்த்துப் பழகிய கைக்கு நிறம் தேவையில்லை. பிறவியிலேயே அப்படி இருப்பவர்களில் பலருக்கு அது தெரியாமலே காலம் போய்விடுகிறது.]

இரண்டையும் எழுதி அடித்துவிட்டேன். திருப்பி வாசித்தபோதுதான் நான் எழுதாத ஒன்றைக் கண்டேன். சிவரூபி பின்னால் நின்று, தகப்பன் உட்கார்ந்திருக்கிற கதிரையை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அவர் மூன்று என்றால் அந்தப் பழுது தன்னிடமும் இருக்கிறது என்பதும், நாளைக்குத் தனக்கொரு மகன் பிறந்தால் அவனுக்குப் போகலாம் என்பதும் அவளுக்குத் தெரியும். வகுப்பில் எத்தனையோ முறை பரம்பரைக் கட்டம் போட்டுக் காட்டியவள். ஆனாலும் அப்பாவின் பழுதாவது தன்னிடம் இருக்கட்டும் என்பதுபோல அவளுடைய உதடு மூன்று, மூன்று என்றுதான் அசைகிறது.

யோகலிங்கம் புத்தகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். தள்ளிப் பிடித்தார்.

“பிள்ளை,” என்றார். “இதில தெரியிறது…”

இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. அடிக்குறிப்புச் சுமக்கத்தான் அவளைக் கொண்டுவந்தேன். அவள் எதைக் கேட்டு நிற்கிறாள் என்று தெரிந்த பிறகு, உண்மையை மாற்றவும் மனமில்லை, அவளை ஏமாற்றவும் மனமில்லை. அந்த இலக்கத்தை நீங்கள் சொல்லுங்கள். சொல்வதானால் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள், அவள் பின்னால் நிற்கிறாள்.