முழங்கால் வரைக்கும் ஒரு மெழுகுத்திரி

துறவி ஓர்ட்கார் உயிரோடு இருந்தவரை அந்தச் சதுப்பு ஊரில் ஒருத்தரும் அவரைப் புனிதர் என்று சொன்னதில்லை. விடியற்காலையில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று வேதத்துச் சங்கீதம் பாடி, பிடிக்கக் காத்திருந்த வாத்துகளையெல்லாம் விரட்டிவிடுகிறார் என்று திட்டத்தான் செய்தார்கள். மடத்துக் கோயிலில் அடக்கம் பண்ணி நாலு வருஷம் கழித்து, ஒரு குருடிக்குப் பார்வை வந்துவிட்டதாம் என்று பேச்சு கிளம்பியதும், திட்டின வாயெல்லாம் அவர் கல்லறையை முத்தமிட வரிசையில் நின்றது.

ஆல்டித்தும் நின்றாள். ஆனால் அவளுக்கு அந்த மனிதரின் குணம் தெரியும். பிச்சைக்கு வரும்போது முழு ரொட்டி போட்டால், உன்னையும் உன் வீட்டுக்காரனையும் ஆண்டவர் காப்பாற்றட்டும் என்பார். பாதி ரொட்டி போட்டால், உன்னைக் காப்பாற்றட்டும் என்பதோடு சரி. என் வீட்டுக்காரனுக்கு இல்லையா என்று ஒருதரம் கேட்டே விட்டாள். "அவன் பங்கு உன் அடுப்படியில இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார் மகானுபாவர்.

அப்பேர்ப்பட்டவரிடமே அவள் தன் கைவரிசையைக் காட்டினாள்.

அவள் புருஷன் எய்ல்மர் நாணல் அறுக்கிறவன். சுற்றுவட்டாரத்திலேயே உயரமானவன், அதை யாரும் மறந்துவிடாமலும் பார்த்துக்கொள்வான். அந்த இலையுதிர்காலத்தில் சதுப்புக் காய்ச்சல் கண்டு ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தான். இதற்கு ஊரில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியை உச்சி முதல் உள்ளங்கால் வரை நூலால் அளந்து, அந்த நூலையே திரியாக்கி, அவன் நீளத்துக்கு மெழுகுவத்தி வார்த்துப் புனிதருக்குக் கொடுக்க வேண்டும்.

ஆல்டித் நூலோடு உட்கார்ந்தாள். மழையில் தேனீக்கள் பாதி செத்துப்போன வருஷம் அது. இந்த நெட்டை உடம்புக்கு வார்த்தால் வீட்டில் உள்ள மெழுகு மொத்தமும் போய்விடும். ஒருவேளை இவன் பிழைக்காவிட்டால்? தலைமாட்டிலும் கால்மாட்டிலும் ஏற்றி வைக்க ஒரு துண்டு மெழுகுகூட இல்லாமல் இருட்டிலா அனுப்புவது? நினைத்ததும் அவளுக்கு அழுகை பொங்கியது. நூலை முழங்காலோடு நிறுத்தி முடிச்சுப் போட்டு, அந்த அளவுக்கே வத்தி வார்த்துக் கல்லறையில் நிறுத்தினாள். மிச்ச மெழுகைச் சட்டியில் போட்டு அடுப்படிப் பரணில் ஒளித்தாள். புனிதர் என்ன குனிந்தா பார்க்கப்போகிறார்.

பார்த்துவிட்டார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கி, எய்ல்மர் எழுந்து உட்கார்ந்து விலாங்குமீன் குழம்பு கேட்டான். முழங்காலுக்குக் கீழேதான் உயிரே இல்லை. ஊசியால் குத்தினால்கூட உறைக்கவில்லை. கல்லறையைக் கவனிக்கும் ஹியூ சாமியார் அவசரப்பட்டுப் அற்புதங்களைக் குறித்துவைக்கும் புத்தகத்தில் 'குணமானான்' என்று எழுதியிருந்தார். கால் விஷயம் காதுக்கு வந்ததும் தாடையைச் சொறிந்துவிட்டு, முன்னால் 'பெரும்பாலும்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டார்.

உறைபனி விழுந்து நாணல் பழுத்தது. ஊரே அரிவாளோடு இறங்கியது. எய்ல்மர் மட்டும் கணப்பு ஓரமாக உட்கார்ந்து தன் அரிவாளைத் துடைத்துத் துடைத்து வைத்தான். அதைப் பார்க்கப் பொறுக்காமல் ஆல்டித் ஒரு நாள் காலையில் சட்டியை இறக்கி அவன் மடியிலேயே வைத்தாள்.

"உன்னை முழங்கால் வரைக்கும்தான்யா அளந்தேன். மிச்சத்தை உன் சாவுக்குன்னு எடுத்து வச்சேன்."

அவன் சட்டிக்குள் விரலை விட்டு மெழுகைத் தடவிப் பார்த்தான். அவள் வசவுக்குத் தயாராக நின்றாள்.

"நம்ம ஸிரெட்டோட திரி எங்க இருக்கு?" என்றான்.

ஸிரெட் பீப்பாய் செய்கிறவன், பக்கத்து வீட்டுக்காரன், எய்ல்மரின் தோளுக்குத்தான் வருவான். கோதுமை அறுப்பு நேரத்தில் வயிற்றுவலிக்காக அவன் நேர்ந்துகொண்ட மெழுகுவத்தியும் கல்லறையில்தான் நின்றது.

"உன்னோடதுக்குப் பக்கத்துலதான்."

"எது ஒசரம்?"

"அவனோடது. நாலு விரக்கடை."

எய்ல்மரின் முகம் சிவந்துவிட்டது. "அடியே, சாவுக்கு எடுத்து வச்ச, சரி, அது விவரமான பொம்பளை செய்யுறதுதான். அந்தக் குள்ளனுக்குக் கீழ என்னை நிக்க வச்சிருக்கியே. இனி ஊருக்குள்ள எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன்?"

நடந்தால்தானே என்று நாக்கு நுனி வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். படு, சரியாக அளக்கிறேன் என்றாள். படுத்தால் நீ மறுபடியும் குறைத்துவிடுவாய் என்றான் அவன். கதவு வரை தவழ்ந்துபோய், நிலையை இரண்டு கையாலும் பற்றி, மூச்சுவாங்க உடம்பை மேலே இழுத்து, முதுகை நிலையில் சாய்த்தான். மேல்கட்டையில் தலை இடித்ததும் பழைய திருப்தி முகத்தில் வந்துவிட்டது.

"ம், அள."

ஆல்டித் முக்காலியில் ஏறி உச்சந்தலையில் நூலை வைத்தாள். தோள், இடுப்பு என்று இறங்கி மண்டியிட்டு முழங்காலுக்கு வந்தாள். அங்கேதான் பார்த்தாள். கால் விரல்கள் விரிந்து தரையைக் கவ்வியிருந்தன. கெண்டைச்சதை புதுக்கன்றுக்குட்டியின் கால் மாதிரி நடுங்கியது. அண்ணாந்தாள். அவன் நிலையைப் பிடித்திருக்கவே இல்லை. கோபத்தில் கையை மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு எங்கேயோ முறைத்துக்கொண்டிருந்தான்.

சொன்னால் விழுந்துவிடுவானோ என்று பயந்து வாயைத் திறக்காமல், நூலைக் குதிகால் வரை இறக்கிப் பிடித்தாள். கண்ணீர் அவன் பாதத்தில் சொட்டியது.

"ஈரமா இருக்கு, என்னடி அழுகை? மெழுகு பத்தாதா?"

"பத்தும்யா," என்றாள் ஆல்டித். "உன் பங்கு இத்தனை நாளும் அடுப்படியிலதான் இருந்துச்சு."