எஸ்டிபி எது?

மெரின் உட்கார்ந்த நாற்காலியில்தான் என்னை உட்கார வைத்தார்கள். போன வருஷம் அவள் தப்பான டிஸ்க்கை ஃபார்மேட் செய்து, பல மாத ஸ்கேன் வேலையை அழித்துவிட்டாளாம். அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் சேர்ந்த அன்று இதை எனக்குச் சொன்னவர் இளஞ்செழியன் சார். சர்வருக்கு அவர்தான் பொறுப்பு. சொல்லும்போது சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

நெல்லித்தோப்பில் ஒரு வீட்டு மாடியில் ஆபீஸ். பிரெஞ்சுக்காரன் காலத்துப் பத்திரங்களை ஸ்கேன் எடுத்து வைக்கிற வேலை. லினக்ஸ் சர்வரில் இரண்டு யுஎஸ்பி டிஸ்க். பார்க்க ஒரே மாதிரி. ஒன்றில் ஸ்கேன் எல்லாம் சேரும். மற்றதைச் சனிக்கிழமைதோறும் துடைத்து, வாடிக்கையாளர் அந்த வாரம் கேட்டதை மட்டும் புதிதாக நிரப்ப வேண்டும். லினக்ஸில் ஒவ்வொரு டிஸ்க்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்று ஒரு கோப்பாகத்தான் தெரியும். டெவ் என்கிற டைரக்டரிக்குள் இருக்கும். 'எஸ்டிஏ ஸ்கேன், எஸ்டிபி துடைக்க' என்று சார் சர்வர் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை கரண்ட் போய் வந்தது. சர்வர் அணைந்து மறுபடி எழுந்தது. அப்போது சர்வர் ரூமில் இருந்தவர் அவர் ஒருவர்தான். வெளியே வந்தவர் செல்போனைப் பார்த்தபடியே சொன்னார்: "அஞ்சு, எஸ்டிபிய ஃபார்மேட் பண்ணிடும்மா."

என் பெயர் அஞ்சலாட்சி. எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள். இந்த வேலை போனால் அப்பா மறுநாளே மாப்பிள்ளை பார்க்கக் கிளம்பிவிடுவார். யாரோ சொன்னதற்காக எண்டர் தட்டுகிற ரகம் இல்லை நான்.

எஸ்டிபியைத் திறந்து பார்த்தேன். உள்ளே அத்தனையும் பத்திரங்கள்.

"சார், பேரு மாறிக் கெடக்கு. கேபிள மாத்துனீங்களா?"

"நான் ஏன் மாத்தறேன்? எது மொதல்ல எழுந்துக்குதோ அது எஸ்டிஏ. கரண்ட் போய் வந்தா சில நேரம் மாறும். இதுகூடத் தெரியாம நீயெல்லாம் என்ன டிகிரி வாங்கின?"

"மெரினுக்கு இத சொன்னீங்களா?"

அவர் செல்போனைப் பையில் போட்டார்.

"அன்னிக்கும் கரண்ட் போச்சா சார்?"

ஞாபகமில்லை என்றார். பழைய கதை எதற்கு என்றார். முதலாளி காதுக்கு இது போகவேண்டாம், இரண்டு பேருக்கும் நல்லதில்லை என்றார். பேசிக்கொண்டே சர்வர் பக்கம் போய் நகத்தால் ஸ்டிக்கரைச் சுரண்டினார். ஓரம்தான் கிழிந்தது.

நான் கீபோர்டுக்குத் திரும்பினேன். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு சீரியல் நம்பர் உண்டு. கரண்ட் போனாலும் அது மாறாது. இந்த நம்பர் எப்போது வந்தாலும் இந்தப் பெயரிலேயே கூப்பிடு என்று சர்வருக்கு ஒரு விதி எழுதினேன். ஸ்கேன் டிஸ்க்குக்கு ஒரு பெயர், மற்றதற்கு 'காலி' என்று ஒரு பெயர். அணைத்து எழுப்பிப் பார்த்தேன். பெயர் நின்றது. காலியை மட்டும் துடைத்தேன்.

மத்தியானம் முதலாளி ஜானகிராமன் வந்தார். வாடிக்கையாளருக்கு ஒரு பத்திரத்தின் பிரதி எடுக்க என் ஸ்கிரீனைக் குனிந்து பார்த்தவர் நிமிர்ந்தார்.

"டிஸ்க்குக்கு என்னம்மா மெரின்னு பேரு?"

நாற்காலியை இளஞ்செழியன் பக்கம் திருப்பினேன்.

"நீங்க சொல்லுங்க சார்."