வெறும் முகத்தோடு ஒரு நேரலை

திருநெல்வேலி டவுனில் விஜயஸ்ரீயின் முகத்தைத் தெரியாதவர்கள் குறைவு. அருணாசலம் அண்ணாச்சி நடத்துகிற உள்ளூர்ச் சேனலில் சாயங்காலச் செய்தியை அவள்தான் வாசித்தாள். ஜவுளிக்கடை மாடியில் இரண்டே அறைகளில் இயங்குகிற சேனல்தான். ஆனாலும் பாபநாசம் அணையின் நீர்மட்டத்திலிருந்து ஏரல் சந்தையில் வாழைத்தார் போன விலை வரைக்கும் அவள் வாய் வழியாகக் கேட்டால்தான் சிலருக்குத் திருப்தி. ஒரு சொல் பிசகாது. மூச்சு வாங்குவது தெரியாது. அந்தக் குரலைப் பற்றி அவளுக்கே உள்ளுக்குள் ஒரு கர்வம் உண்டு.

முகத்தைப் பற்றி அப்படி இல்லை. கல்லூரிக் காலத்திலேயே பரு வந்து தழும்பும் கருமையுமாகத் தங்கிவிட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஃபேன்சி ஸ்டோரில் எல்லோரும் வாங்குகிறார்களே என்று சின்ன டப்பாவில் வந்த ஒரு நைட் கிரீமை வாங்கிப் பூசினாள். ஒரே வாரத்தில் முகம் பளிங்காக மாறியது. பார்த்தவர்களெல்லாம் ரகசியம் கேட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து வெளியூர் போனபோது டப்பாவை மறந்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான், முகம் தீயாய் எரிந்து, தடித்து, பருவாய் வெடித்தது. திரும்பி வந்து பூசியதும் அடங்கியது. அன்றிலிருந்து அந்த டப்பாவை விடவும் முடியாமல், வைத்துக்கொள்ளவும் பயமாக, இரண்டு வருஷம் ஓடிப்போனது. மூக்கின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன ரத்த நாளங்கள் சிவப்பு நூலாய்த் தெரிய ஆரம்பித்தன. சேனலில் மேக்கப் போடும் அலிமா பீவி அதையெல்லாம் பூசி மெழுகி மறைத்துவிடுவாள். வீட்டில் அம்மா அன்னத்தாய், முகத்தைக் கழுவிவிட்டு அப்படியே வாசலுக்குப் போய் நிற்காதே என்பாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். நாலு பேர் ஏதாவது சொல்லிவிடக் கூடாது என்கிற கவலை அவளுக்கு எப்போதும் உண்டு.

மாசி மாதம் ஒரு நாள் செய்தி வாசித்துக்கொண்டிருக்கும்போது விளக்குச் சூட்டில் கன்னத்தில் ஒரு பரு உடைந்தது. அவள் நிறுத்தவில்லை. கேமராவில் நின்ற கொம்பையா அவள் முகத்தை விட்டு விலகி மேஜையும் பின்திரையும் தெரிகிற மாதிரி படத்தை அகலமாக்கினான். அவன் நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் எதிரே இருந்த திரையில் தன் முகம் சிறுத்துப் பின்னால் போவதை விஜயஸ்ரீ பார்த்துவிட்டாள். மறுநாளே வைத்தியம் பார்ப்பது என்று முடிவு செய்தாள்.

பாளையங்கோட்டையில் தோல் மருத்துவர்கள் இல்லாமல் இல்லை. அங்கே காத்திருக்கும் வரிசையில், செய்தி வாசிக்கிற பிள்ளைதானே நீ என்று யாராவது கேட்பார்கள் என்ற கூச்சம்தான் அவளை ஆன்லைனுக்குத் தள்ளியது. ஜன்னல் வெளிச்சத்தில் நின்று, மூன்று பக்கமும் படம் எடுத்து அனுப்பினாள். போனில் முகத்தைக் காட்டி மருந்து வாங்குகிற காலமும் வந்துவிட்டதா என்று அம்மா முணுமுணுத்தாள்.

வீடியோவில் வந்தவர் டாக்டர் பார்கவி, கோயம்புத்தூரில் இருப்பவர். பருவைப் பற்றிக் கேட்பார் என்று விஜயஸ்ரீ நினைத்திருக்க, அவர் முதலில் கேட்டது இதுவரை என்ன பூசினீர்கள் என்பதைத்தான். டப்பாவைக் காட்டச் சொன்னார். அதில் யார் செய்தது, என்ன சேர்ந்தது என்று ஒரு வரி கூட இல்லை. இந்த மாதிரிக் கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பது சகஜம், உங்கள் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது என்றார். அதை நிறுத்த வேண்டும், நிறுத்தினால் முகம் கொந்தளிக்கும், அது அடங்கிய பிறகுதான் அசல் மருந்து. அதுவரைக்கும் எரிச்சலைத் தணிக்க மாத்திரையும் வாசனை இல்லாத ஒரு களிம்பும் மட்டும் எழுதினார்.

டப்பாவை நிறுத்தி, முகம் வெடித்து அடங்கி, சித்திரை பிறந்த பிறகுதான் அந்த அசல் மருந்துக்கு வந்தார்கள். ட்ரெட்டினாயின் என்று பெயர். வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்தது. பழைய தோலைத் தள்ளிப் புதுத் தோலை மேலே கொண்டுவரும். பருவையும் குறைக்கும், கருமையையும் குறைக்கும் என்று டாக்டர் விளக்கினார். எழுதுவதற்கு முன்னால் கல்யாணம் ஆகிவிட்டதா, பிள்ளை பெறும் யோசனை இருக்கிறதா என்று கேட்டார். கர்ப்பக் காலத்தில் இதைத் தொடவே கூடாதாம். இரண்டும் இல்லை என்றாள் விஜயஸ்ரீ. வாரத்துக்கு இரண்டு ராத்திரி, முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. பகலில் சன்ஸ்க்ரீன் இல்லாமல் வெளியே போகக் கூடாது. நன்றாவதற்கு முன்னால் கொஞ்சம் மோசமாகும், மாதக் கணக்கில் பொறுத்திருக்க வேண்டும்.

கூரியரில் வந்த டியூபைப் பார்த்து அம்மா, இத்துனூண்டுக்கா இவ்வளவு பேச்சு என்றாள். விஜயஸ்ரீக்கும் அப்படித்தான் தோன்றியது. சில வாரம் சொன்னபடி நடந்தாள். பிறகு அவசரம் வந்துவிட்டது. பட்டாணி அவரைக்கொட்டை ஆனது, வாரத்துக்கு இரண்டு என்பது தினம் என்றானது. அதற்குப் பலன், வாயோரமும் மூக்கோரமும் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்து, தோல் செதில் செதிலாக உரிந்தது. சிரித்தால் வலித்தது. திட்டு வாங்கத் தயாராகத்தான் டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் திட்டவில்லை.

“அளவைக் கூட்டினா சீக்கிரம் சரியாகாது விஜயஸ்ரீ, தோல் வெந்துதான் போகும். இப்ப நிறுத்துங்க. ஆறினதும் மறுபடி முதல்லேருந்து தொடங்கலாம். ஒண்ணும் கெட்டுப்போகலை.”

அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் அந்த நாட்களைத் தள்ளினாள். ஆறியது, மறுபடி தொடங்கினாள், இந்த முறை பட்டாணி பட்டாணியாகவே இருந்தது. ஆனாலும் உரிவதும் சிவப்பும் முழுதாக நிற்பதற்குள் ஆனி மாதம் வந்து, நெல்லையப்பர் கோயில் தேரோட்டத்துக்குக் கொடியேறிவிட்டது.

தேரோட்டம்தான் சேனலுக்கு வருஷத்தின் பெரிய நாள். காலையில் வடம் பிடிப்பதிலிருந்து தேர் நிலைக்கு வந்து சேரும் வரைக்கும் நேரலை. இரண்டு வருஷமாக வர்ணனை விஜயஸ்ரீதான். கூடங்குளத்தில் வேலை பார்ப்பவர்களும் துபாயில் இருப்பவர்களும் யூடியூபில் பார்ப்பார்கள். அருணாசலம் அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சுற்றி வளைத்துப் பேசினார். ஒன்று, நல்ல கனமாக மேக்கப் போட்டுக்கொண்டு வர வேண்டும். இல்லை, அவள் மாடியில் உட்கார்ந்து குரல் மட்டும் கொடுக்கலாம், வீதியில் வேறு ஒரு பெண்ணை நிறுத்திவிடலாம். இதுதான் சாரம்.

மேக்கப் பற்றி அவள் டாக்டரிடம் முன்பே கேட்டிருந்தாள். புண்பட்ட தோலில் கனமான மேக்கப்பைப் பூசிக்கொண்டு வெயிலிலும் வேர்வையிலும் நாள் பூராவும் நிற்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். தொப்பி, நிழல், இரண்டு மணிக்கொரு தரம் சன்ஸ்க்ரீன், அவ்வளவு போதும்.

“முகத்துக்கு வைத்தியம் நடக்கு அண்ணாச்சி,” என்றாள் விஜயஸ்ரீ. “மேக்கப் போட முடியாது. ஆனா வீதியில நான்தான் நிப்பேன். வேற ஆள நிறுத்தணும்னா குரலும் அவங்களே குடுத்துக்கிடட்டும்.”

அவள் அப்படிப் பேசி அண்ணாச்சி கேட்டதில்லை. பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். ஊரே பார்க்குமே, நாலு பேர் நாலு விதமாக எழுதுவார்களே என்றார். எழுதினால் வாசித்துவிட்டுப் போகிறேன், எனக்கு அதுதானே வேலை என்றாள் அவள். கதவருகே நின்ற அலிமா பீவி மேக்கப் பெட்டியைப் படாரென்று மூடி, “சரியாத்தான சொல்லுதா அண்ணாச்சி. எனக்கு அன்னைக்கு லீவு குடுத்திருங்க, நானும் தேர் பாக்கணும்,” என்றாள். அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தேரன்று காலையில் சன்ஸ்க்ரீனைப் பூசிக்கொண்டபோது முகம் திருநீறு பூசியது போல வெளுத்துத் தெரிந்தது. அதன் வழியாகச் சிவப்பும் தெரிந்தது. விஜயஸ்ரீ கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு, வெயில் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அம்மா, வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

பேச ஆரம்பித்ததும் முகம் மறந்துபோனது. வடத்தின் கனத்தையும், எந்திரம் இல்லாமல் ஜனங்களே தோள் கொடுத்து இத்தனை பெரிய தேரை இழுப்பதையும், சக்கரத்தடியில் சறுக்குக்கட்டை போடுகிறவர்கள் ஒரு கை தூரத்தில் நின்று தேரைத் திருப்புவதையும் அவள் சொல்லச் சொல்ல, கடை வாசல்களில் இருந்தவர்கள் நேரில் தேரைப் பார்ப்பதை விட்டுவிட்டு டிவிப் பக்கம் திரும்பினார்கள். வாகையடி முக்கில், வீதி திரும்புகிற இடத்தில், தேர் நின்றது. திரும்புவதற்கு நேரம் ஆகும். அப்படி நிற்கும்போது பார்ப்பவர்கள் யூடியூபில் எழுதுவதை வாசித்து நேரத்தை நிரப்புவது வழக்கம். கொம்பையா போனை நீட்டினான், நீட்டியவன் உடனே பின்னுக்கு இழுத்தான். அவள் வாங்கிப் பார்த்தாள்.

வாழ்த்துகளுக்கு நடுவே அதுவும் இருந்தது. இந்தப் பிள்ளை முகத்தில் என்ன, தோல் வியாதியா, திருவிழா நாளில் வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்குக் கீழே சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்திருந்தன.

விஜயஸ்ரீ அதை ஒரு சொல் விடாமல் செய்தி வாசிக்கிற குரலிலேயே வாசித்தாள். பிறகு அவள் வாசிப்புத் தமிழை விட்டுவிட்டு ஊர்ப் பேச்சில் பேசினாள்.

“கேட்டது நல்லதுதான், சொல்லிருதேன். பேரு ஊரு இல்லாத ஒரு கிரீம வெள்ளையாவோம்னு நம்பி ரெண்டு வருஷமா பூசினேன். மொகம் கெட்டுப்போச்சு. இப்ப தோல் டாக்டர்ட்ட வைத்தியம் பாக்கேன். பழைய தோலு உரிஞ்சி புதுசு வருது, அதான் இப்படி இருக்கு. ஒட்டுவாரொட்டி இல்ல, யாருக்கும் தொத்தாது. வெக்கப்படுததுக்கும் ஒண்ணும் இல்ல. ஒங்க வீட்லயும் அந்த மாதிரி டப்பா இருந்தா ஒரு டாக்டர்ட்ட காட்டுங்க. இந்தா, தேரு திரும்பப் போகுது, கட்டை போடுதாங்க பாருங்க.”

கொம்பையா இந்த முறை படத்தை அகலமாக்கவில்லை. அவள் பேசி முடிக்கும் வரைக்கும் அவள் முகம்தான் திரை நிறைய இருந்தது. தேர் திரும்பியதும் கேமராவைத் தேருக்குக் கொண்டுபோனான்.

உச்சி வெயில் வந்தது. சாரல் காற்று அடித்தாலும் மேகம் விலகுகிற நேரமெல்லாம் வெயில் சுள்ளென்று இறங்கியது. தொப்பியைக் காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. ஒரு கையில் மைக்கும் மறு கையில் தொப்பியுமாக அவள் தடுமாறிக்கொண்டிருந்தபோது, முகத்தின் மேல் சட்டென்று நிழல் விழுந்தது. திரும்பினால் அம்மா. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு, பட்டுச்சேலை கசங்க, பெரிய கறுப்புக் குடையைப் பிடித்தபடி நின்றாள். டிவியில் மகள் பேசியதைக் கேட்ட கையோடு புறப்பட்டு வந்திருக்க வேண்டும்.

விஜயஸ்ரீ மைக்கைக் கையால் மூடினாள். “எம்மா, ஒன்னயும் எல்லாரும் பாப்பாங்க.”

“பாக்கட்டும்,” என்றாள் அன்னத்தாய். “நான் இங்கன நிக்கேன். நீ பேசு.”

தேர் நிலைக்கு வரும் வரை அந்தக் குடை மகளின் தலைக்கு மேலேயே இருந்தது. வழியில் அன்னத்தாயிடம் கணக்குப் படித்த பெண்கள் சிலர் வந்து வணக்கம் சொன்னார்கள். எல்லோரிடமும் அவளாகவே, இது என் மகள் என்று சொன்னாள். அது ஊருக்கே தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் சொன்னாள்.

அடுத்த வாரம் சேனலுக்கு ஒரே போன். கல்லூரிப் பெண்கள், கல்யாணம் ஆனவர்கள், டவுன் பையன்கள் கூடக் கேட்டார்கள். அந்த மருந்தின் பெயர் என்ன என்பதுதான் முக்கால்வாசிப் பேரின் கேள்வி. அவள் பெயரைச் சொல்லவில்லை. டாக்டரைப் பாருங்கள் என்றாள். சித்தி மகள் செல்லக்கிளி வீட்டுக்கே வந்து, எனக்குக் கொஞ்சம் பிதுக்கிக் கொடு என்று கை நீட்டினாள். அவளுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம், குழந்தைக்காக வேண்டாத கோயில் இல்லை. விஜயஸ்ரீ டியூபை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். செல்லக்கிளி கோபித்துக்கொண்டு காபியைக் குடிக்காமல் எழுந்தாள். விஜயஸ்ரீ அவளை இழுத்து உட்கார வைத்து, இது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது, உன் நிலைமையைச் சொன்னால் அதற்கேற்றதை டாக்டர் தருவார் என்று எடுத்துச் சொல்லி, தன் போனிலேயே அவளுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தாள். காபி ஆறிப்போயிருந்தது. அம்மா வேறு காபி போட்டாள்.

அண்ணாச்சி நேரலையின் அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தனியாகப் போட்டார். அதை அம்பாசமுத்திரம், ஆழ்வார்திருநகரி என்று எங்கெங்கோ பகிர்ந்தார்கள். டாக்டர் பார்கவிக்கும் யாரோ அனுப்பியிருந்தார்கள். அடுத்த ஆலோசனையில் அவர் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், தன் நோயாளிகளுக்கு அதைக் காட்டலாமா என்று அனுமதி கேட்டார். விஜயஸ்ரீ தாராளமாகக் காட்டுங்கள் என்றாள்.

ஐப்பசியில் முகம் தெளிந்தது. புதுப் பரு வருவது அபூர்வமாகி, கருமை மங்கி, தொட்டால் வழுவழுப்பாக இருந்தது. பழைய பள்ளங்கள் சில கன்னத்தில் அப்படியேதான் இருந்தன. அவற்றுக்கு வேறு வைத்தியம் உண்டு, வேண்டுமானால் பார்க்கலாம் என்றார் டாக்டர். இப்போதைக்கு வேண்டாம் என்றாள். அலிமா பீவி லேசாகப் பவுடர் ஒற்றிவிடுவதோடு சரி; இவளுக்கு மேக்கப் போட்டு எனக்குக் கைப்பழக்கமே விட்டுப்போச்சு என்று குறைப்பட்டுக்கொள்வாள்.

அந்த மாதம் ஒரு கல்யாண வீட்டில் சொந்தக்காரப் பெண்மணி ஒருத்தி விஜயஸ்ரீயின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இப்பத்தான் பிள்ளை முகம் பார்க்க நல்லா இருக்கு என்றாள்.

அன்னத்தாய் இலையிலிருந்து நிமிர்ந்தாள். “எம் மக மொகம் தேரன்னைக்கே நல்லாத்தான் இருந்துச்சு மதினி. நான் பக்கத்துல நின்னு பாத்தேம்லா.”

பரிமாறுகிறவர் தேங்காய்ப்பால் சொதி வாளியோடு எதிரே வந்து நின்றார். விஜயஸ்ரீ இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி, நன்றாகப் பிசைந்து சாப்பிட்டாள்.