சாதாக் கொசு

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் கொசுராணி. ராணி என்றால் சும்மாவா? கொசுக்கள் ரத்தம் குடிக்கத் தன் கையையே விருந்தாகக் கொடுக்கிறவள். வலைக்கூண்டுக்குள் ஒரு கையை நீட்டிவிட்டு, மறு கையில் போனைப் பிடித்து அக்காவோடு சண்டை போடுவாள்.

கூண்டு இரண்டு. ஒன்றில் சாதாக் கொசு. மற்றதில் ஒரு பாக்டீரியாவை ஏற்றிய கொசு. அந்த பாக்டீரியா இருந்தால் டெங்கு வைரஸ் கொசுவுக்குள் தலையெடுக்காது. இந்த ரகத்தின் முட்டைகளைத் தெருத்தெருவாக டப்பாவில் வைத்துப் பெருக விட்டால் டெங்கு அடங்கும் என்று நம்பினார்கள். முதலில் தேர்ந்தெடுத்த தெரு அக்காவின் தெரு. எல்லா வீடும் சம்மதித்தது, அக்கா வீட்டைத் தவிர.

அக்கா மகளுக்குப் போன மழைக்காலத்தில் டெங்கு வந்து, பிள்ளை செத்துப் பிழைத்தது. இரண்டாம் முறை வந்தால் இன்னும் மோசமாகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சித்திக்காரியான கொசுராணிக்கும் அதே பயம்தான், அதனால்தான் அந்தத் தெருவைக் கேட்டு வாங்கினாள். அக்காவுக்கு அது ஏறினால்தானே!

"உனக்கு மூளை கீளை இருக்கா? இருக்கிற கொசு போதாதுன்னு நீ வேற கொண்டுவந்து விடுவியா?"

உடம்பு லேசாக வலித்தாலும் கூண்டுக்குள் கையை விடக் கூடாது, ரத்தத்தில் உள்ள கிருமி கொசுவுக்குப் போய்விடும் என்பது கூடத்தின் விதி. ஒரு நாள் காலையில் முதுகு வலித்தது. முந்தின நாள் வீட்டை ஒட்டடை அடித்த வலி என்று நினைத்து இரண்டு கூண்டுக்கும் கை கொடுத்துவிட்டாள். மாலையில் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. சோதித்தால், டெங்கு. வெளியில் எங்கேயோ கடிபட்டிருக்கிறாள்.

படுத்தபடியே தலைமை விஞ்ஞானிக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனிலேயே கேட்டது. பிறகு நிதானமாகி, கூண்டுகளைத் தனி அறையில் வைத்துப் பூட்டச் சொன்னார். வைரஸ் வளர அவகாசம் கொடுத்து, கொசுக்களின் எச்சிலைச் சோதிக்கலாம் என்றார்.

அக்கா ஓடிவந்து, எங்க வீட்டுக்கு வந்து படு என்று இழுத்தாள். இவள் அசையவில்லை. என்னைக் கடிக்கிற கொசு நாளைக்குப் பிள்ளையைக் கடிக்கும் என்றாள். அதன்பிறகு அக்கா இங்கேயே தங்கிக் கஞ்சி வைத்தாள். மகளைக் கொசுவலைக்குள் தூங்க வைக்கச் சொல்லிப் புருஷனுக்கு மணிக்கொரு போன்.

காய்ச்சல் விட்டு, எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகுதான் முடிவு வந்தது. பாக்டீரியா ஏற்றிய கொசுக்களில் ஒன்றின் எச்சிலில்கூட வைரஸ் இல்லை. சாதாக் கொசுக்களில் பாதிக்கு மேல் இருந்தது. குடித்தது ஒரே கையின் ரத்தம். கொசுராணிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னாள்.

அக்கா கஞ்சிப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அப்ப எங்க வீட்ல இப்பப் பறக்கிறது எந்தக் கொசு?"

"சாதாக் கொசுதான்க்கா."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கூண்டுக்குள் கடிபட்டுக் கடிபட்டுத் தடித்திருந்த அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"முதல் டப்பாவை எங்க வாசல்ல வைடி."