இடது காதில் துளை

பேராசிரியர் சபாபதி உலக விஞ்ஞானத்தையே புரட்டிப் போடப்போகிறார் என்பது 2010 டிசம்பரில் சிதம்பரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அவரே சொல்லிக்கொண்டு திரிந்ததால் தெரிந்தது. குருத்தெலும்பு வளர ஒரு குறிப்பிட்ட ஜீன் கட்டாயம் வேண்டும் என்று வெளிநாட்டுக்காரர்கள் எழுதிவந்தார்கள். இவருடைய ஆய்வகத்திலோ அந்த ஜீனை இழந்த எலிகள் கூண்டுக்குள் கபடி ஆடின. ஜீன் பத்திரமாக இருந்த எலிகள்தான் கால் குறுகி, கோணி, வயிற்றால் இழுத்துக்கொண்டு நகர்ந்தன.

“நல்ல எலிக்கு எப்பிடிய்யா கால் கோணும்? தீனியில கால்சியம் இல்ல. எல்லாம் அந்தப் பொண்ணு பாத்த லட்சணம்,” என்று தீர்ப்புச் சொன்னார் சபாபதி. காடாம்புலியூரிலிருந்து வந்து ஆராய்ச்சியில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத சிந்துஜாவைப் பெட்டியைக் கட்டச் சொல்லிவிட்டார்.

இரண்டு கூண்டுக்கும் ஒரே மூட்டைத் தீனிதான். அதைச் சொல்ல வேண்டிய மூத்த மாணவன் ராஜவேல், பக்கத்தில் நின்று தலையாட்டினான். அந்தத் தலைக்குள் ஆயுத பூஜை ஓடிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். எல்லா எலிக்குஞ்சும் அந்த ஜீனோடுதான் பிறக்கும். சிலவற்றின் குருத்தெலும்பில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத கத்தரிக்கோல் ஒன்று தூங்கும். மருந்து போட்டால் அது விழித்து, அங்கே மட்டும் ஜீனை வெட்டும். கத்தரிக்கோல் இல்லாத எலிக்கு அதே மருந்து போட்டாலும் ஒன்றும் ஆகாது. பார்வைக்கு இரண்டும் ஒரே கறுப்பு. வால் நுனியைச் சோதித்துப் பிரித்து, கூண்டில் அட்டை மாட்டி, காதில் துளை போட வேண்டும். கத்தரிக்கோல் இருந்தால் வலது காது, இல்லையென்றால் இடது.

இரண்டு மாதம் முன்பு, குஞ்சுகளைப் பிரித்த அன்றைக்கே ஆயுத பூஜை வந்து தொலைத்தது. சபாபதி உத்தரவுப்படி மைக்ரோஸ்கோப் விபூதிப் பட்டை போட்டுக்கொண்டது. காது துளைக்கும் கருவி சந்தனம் குங்குமத்தோடு சரஸ்வதி படத்தின் முன் போய் உட்கார்ந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாதே! ஆகவே துளை இல்லை, அட்டை மட்டும். கூண்டுகளையும் கழுவியாக வேண்டும் என்றார். ராஜவேல் வாய் நிறையப் பொரிகடலையோடு கழுவினான். அட்டைகளைத் திரும்ப மாட்டும்போது கை ஒரு கணம் நின்றது. இதுதானே அது? அதற்குள் யாரோ சுண்டல் என்று கூப்பிட்டார்கள். மாட்டிவிட்டுப் போனான். மறுநாள் அட்டையைப் பார்த்துத் துளை போட்டான். பிறகு இரண்டு கூண்டுக்கும் மருந்து போனது. தாய்மாமன் மடி இல்லாமலே ஒரு தவறுக்குக் காதுகுத்து நடந்தேறியது.

கிளம்புகிற அன்று சிந்துஜா எலிக்கூடத்துக்கு வந்தாள்.

“அண்ணா, கோணக்காலுங்களுக்கு மேல இருக்கிற தீனி எட்டாது. ஊற வெச்சுத் தரையில வைங்க. மறந்துறாதீங்க.”

“நீ தப்பு பண்ணலம்மா.”

“பண்ணாமயா அதுங்க இப்பிடி ஆயிருக்கும்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கே ராஜவேல் வால் நுனிகளை எடுத்து மறுபடி சோதித்தான். சந்தேகத்துக்கு இடமே இல்லை. எல்லாம் தலைகீழ். வெளிநாட்டுக்காரர்கள் எழுதியது சரி. சிந்துஜா கொடுத்த தீனியும் சரி.

மறுநாள் கடலூர் ஓட்டல் ஒன்றில் பத்திரிகையாளர் கூட்டம். சபாபதி கோட்டு போட்டிருந்தார். மேசையில் இரண்டு கூண்டு, பின்னால் சமோசா. வழியில் புதுச்சத்திரத்தில் டீ குடிக்க இறங்கியபோது சொல்லிவிட ராஜவேல் வாயெடுத்தான். “மச்சான் மாதிரி கூடவே இருக்கிற. அடுத்த மாசம் உன் பிஎச்.டி. வைவாவ முடிச்சுடுறேன்யா,” என்று சபாபதி தோளில் தட்டினார். எடுத்த வாய் டீயைக் குடித்தது.

கூட்டத்தில் நிருபர் ஒருவர் கோணல் எலியைக் காட்டி, “இது ஏன் சார் இப்பிடி இழுக்குது?” என்றார்.

“ஒரு மாணவியின் அலட்சியம். அனுப்பிவிட்டோம்.”

“இல்ல சார்.” தன் குரல்தான் என்பது ராஜவேலுக்கே தாமதமாகத் தெரிந்தது. “ஜீன் போன எலி அதுதான். அட்டையை மாத்தி மாட்டுனது நானு. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல.”

சமோசா கடிக்கும் சத்தம்கூட நின்றது. சபாபதி கோட்டுப் பொத்தானைத் தடவினார். பிறகு நிமிர்ந்தார்.

“பார்த்தீர்களா! எங்கள் ஆய்வகத்தின் நேர்மையைக் காட்டத்தான் உங்களை அழைத்தேன்.”

மறுநாள் செய்தித்தாளில் அவர் படம் வந்தது. ராஜவேலின் வைவா காலவரையின்றித் தள்ளிப்போனது. நேர்மைக்கு நிருபர் சாட்சி இருந்ததால் சிந்துஜாவைத் திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று.

வந்ததும் அவள் நேரே எலிக்கூடத்துக்குப் போனாள். ராஜவேல் தரையில் குந்தி, ஊறிய தீனியை வைத்துக்கொண்டிருந்தான்.

“ஆயுத பூஜை அன்னிக்கே சந்தேகம் வந்துச்சாண்ணா?”

“ம்.”

“நான் வீட்டுல சோறே எறங்காம கெடந்தேன். அதுங்க கால நான்தான் ஒடிச்சேன்னு.”

ராஜவேல் ஊறிய தீனியை விரலில் எடுத்து நீட்டினான். மன்னிப்புக் கேட்டால் அவள் மன்னித்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. ஒரு எலி வயிற்றால் இழுத்துக்கொண்டே வந்து அவன் விரலிலிருந்து தின்றது. அதன் இடது காதில் அவன் போட்ட துளை வட்டமாக, நேர்த்தியாக இருந்தது.