நூரியின் முதல் பால்

எனக்குப் பொய் சொல்லவே வராது என்று என் வீட்டுக்காரர் ஷரஃபுதீன் தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். அன்று காலை நான் சொன்ன பொய்யை அவர் என் பக்கத்தில் நின்றுதான் கேட்டார். நம்பவும் செய்தார்.

ராயப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு இரண்டு குதிரைகள் வைத்திருக்கிறோம். கல்யாண ஊர்வலத்துக்கு அவர் பிடித்துக்கொண்டு போவார். அலங்காரம் என் பொறுப்பு. நூரி சினையாக இருந்ததால் மாப்பிள்ளையை ஏற்றுவதில்லை. வெறுமனே ஜோடித்து ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கவிடுவோம். குட்டி போட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று நாங்களாகவே ஒரு கணக்குப் போட்டிருந்தோம்.

முந்தின நாள் சாயங்காலம் தி.நகரில் ஒரு மண்டபம். அவர் குளித்துக்கொண்டிருந்தார். நான் நூரிக்குச் சிவப்பு வெல்வெட் போர்வையைப் போர்த்தப் போனேன். நாலு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு நானே ஜரிகையில் மயில் போட்டது அது. அப்போது பார்த்து நூரியின் மடியிலிருந்து மஞ்சளாய், கெட்டியாய்ப் பால் வடிந்துகொண்டிருந்தது. வெல்வெட்டில் பட்டால் கறை போகுமா? ஒரு பிளாஸ்டிக் மக்கை வைத்து, வடிவது நிற்கிற வரைக்கும் கறந்தேன். சாக்கடையில் கொட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. அவரிடம் சொன்னால் நூரியைப் போகவிட மாட்டார், மயிலை யார் பார்ப்பார்கள்? அவ்வளவுதான் என் புத்தி.

விடியற்காலை ஐந்து மணிக்குக் குட்டி பிறந்தது. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. ஒரு மணி நேரத்தில் எழுந்து நின்று பால் குடித்தது. நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே டீ குடித்தோம். ஒன்பது மணிக்குப் போய்ப் பார்த்தால் குட்டி சுருண்டு கிடந்தது. காது சில்லென்று இருந்தது. நூரியின் மடி கட்டிப்போய்ப் பால் தானாகச் சொட்டியது. குடிக்கத்தான் ஆளில்லை.

மாட்டு டாக்டர், குதிரை டாக்டர் எல்லாம் எங்களுக்கு மதுமதி மேடம்தான். வந்ததும் குட்டியின் ஈறைப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"குட்டி போடறதுக்கு முன்னாடி பால் வடிஞ்சுதா?"

"இல்லீங்க மேடம்."

"நான் பாத்த வரைக்கும் வடியல மேடம்," என்றார் இவரும்.

மேடம் ஊசி போட்டார். குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "சீம்பால் குடிச்ச குட்டின்னா தாங்கிடும். குதிரைக்குட்டி பொறக்கறப்போ உடம்புல எதிர்ப்புச் சக்தின்னு ஒண்ணும் இருக்காது. எல்லாம் அந்த முதல் பால்லதான் வரணும். அதுவும் பன்னெண்டு மணி நேரத்துக்குள்ள போயாகணும். அப்புறம் குடல் அதை வாங்காது."

காலை ஐந்திலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும். இப்போதே மணி ஒன்பதரை. சொன்னால் இவர் முகத்தில் எப்படி முழிப்பேன்? சொல்லாவிட்டால் இந்தக் குட்டி முகத்தில்?

மேடம் ஹெல்மெட் போட்டு ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். நான் செருப்புகூடப் போடாமல் ஓடி ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"போவாதீங்க மேடம். பால் வடிஞ்சது. நான்தான் கறந்து சாக்கடைல கொட்டிட்டேன். போர்வை கறையாவும்னு."

"இன்னா சொல்ற நீ?" பின்னாலேயே வந்த இவர் அப்படியே நின்றுவிட்டார். "ஒரு துணிக்காவா தபஸ்ஸு? நீ சொன்னத நம்பிக்கினு நானும் சொன்னேனே."

மேடம் திட்டவில்லை. போனை எடுத்தார். மூன்றாவது அழைப்பில் பாலவாக்கத்தில் ஒருவர் கிடைத்தார். அவருடைய குதிரையின் சீம்பால் கொஞ்சம் ஃப்ரீசரில் இருந்தது. இவர் என்னைப் பார்க்காமல் பைக்கை எடுத்துக்கொண்டு போனார்.

அந்த மாதிரி இரண்டு மணி நேரம் என் எதிரிக்கும் வரக்கூடாது. குட்டி நடுங்க ஆரம்பித்தது. கீழே சிமெண்ட் தரை, சாக்கெல்லாம் ஈரம். ஒவ்வொரு மூச்சும் கடைசி மூச்சோ என்று விலா ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய் அந்த வெல்வெட்டை எடுத்துவந்து விரித்து, குட்டியை அதன்மேல் இழுத்துப் போட்டேன்.

இவர் ஐஸ் பெட்டியோடு வந்தபோது பன்னிரண்டாகப் போகிறது. "கொதிக்கற தண்ணி வேணாம், வெதுவெதுன்னு போதும்," என்றார் மேடம். உருகிய பாலை மூக்கு வழியாகக் குழாய் விட்டு உள்ளே இறக்கினார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்றரை மணி இருக்கும். குட்டி வாலைத் தூக்கி முக்கியது. தார் மாதிரி கறுப்பாய் முதல் லத்தி, சரியாக என் மயிலின் மேல் விழுந்தது.

"வயித்துல அடைப்பு இல்ல," என்றார் மேடம். "ஆனா நாளைக்கு ரத்தம் எடுத்துப் பாக்காம நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

பயம் போகவில்லை. இரண்டு முறை விழுந்து, மூன்றாவது முறை குட்டி எழுந்தது. நான் பின்னாலிருந்து தாங்கி நூரியின் மடிக்குத் தள்ளினேன். சப்புகிற சத்தம் கேட்டது. வாயோரம் பால் வழிந்து வெல்வெட்டில் சொட்டியது. இவர் பழக்கதோஷத்தில் குனிந்து போர்வையை இழுக்கப் போனார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "விடுங்க. வடியட்டும்."